புகையிலை முதல் பிளாஸ்திரி வரை - அசதிக்கு மருந்து தேடிய கதை

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பழமொழி. இதையே கொஞ்சம் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? அளவைக் குறைத்தால் நஞ்சும் அமிர்தமாகிவிடுமா?

ஆகும் என்று நம்பி மேலைநாடுகளில் சில நோயாளிகள் ஒரு காரியம் செய்து பார்க்கிறார்கள். வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாதவர்கள் அவர்களில் உண்டு. மருந்துக்கடைக்குப் போகிறார்கள். சிகரெட்டை விட நினைப்பவர்களுக்காக விற்கும் நிகோட்டின் பிளாஸ்திரியை (பேட்ச் என்பார்கள்) வாங்குகிறார்கள். அதிலும் மிகக் குறைந்த அளவுள்ளதைத் தேர்ந்தெடுத்துத் தோளிலோ கையிலோ ஒட்டிக்கொள்கிறார்கள். ஏன்? மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்களைப் படுக்கையில் தள்ளியிருக்கும் அசதி இதனால் தீராதா என்ற ஆசைதான்.

இது ஏதோ புதிய யோசனை போலத் தோன்றும். ஆனால் அசதிக்குப் புகையிலை என்ற எண்ணத்துக்கு வயது 450 ஆண்டுகளுக்கு மேல்! அந்தக் கதையை முதலிலிருந்து பார்த்தால்தான் இன்றைய பிளாஸ்திரியை நம்பலாமா கூடாதா என்ற கேள்விக்கே ஒரு வடிவம் கிடைக்கும்.

அரண்மனைக்கு வந்த மூலிகை

1560 வாக்கில் போர்ச்சுக்கல் நாட்டுக்கான பிரெஞ்சுத் தூதராக லிஸ்பன் நகரத்தில் இருந்தவர் ழான் நிக்கோ. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்திருந்த ஒரு செடி அங்கே பெரிய பேச்சாக இருந்தது. புண்ணை ஆற்றும், கட்டியைக் கரைக்கும் என்றார்கள். நிக்கோ அதைத் தன் நாட்டு அரசவைக்கு அனுப்பி வைத்தார். ராஜமாதா கேத்தரின் தெ மெடிசியின் செல்வாக்கால் பிரான்சில் புகையிலை ஒரு மருந்தாகவே பிரபலமானது. பின்னாளில், 1753-ல், லின்னேயஸ் தாவரங்களுக்கெல்லாம் பெயர் வைத்தபோது இந்தச் செடியின் இனத்துக்கு 'நிக்கோட்டியானா' என்று தூதரின் பெயரையே வைத்துவிட்டார். நிகோட்டின் என்ற சொல் வந்த வழி இதுதான்.

அதே காலத்தில் ஸ்பெயின் நாட்டின் செவில் நகரத்தில் நிக்கோலஸ் மொனார்தெஸ் என்றொரு மருத்துவர் இருந்தார். மனிதர் அமெரிக்காவுக்குப் போனதே இல்லை. ஆனால் அங்கிருந்து வரும் கப்பல்கள் செவில் துறைமுகத்தில்தான் சரக்கை இறக்கின. வந்த செடிகளையும் விதைகளையும் வாங்கி, மாலுமிகளிடம் கதை கேட்டு, புதிய உலகத்து மருந்துகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். புகையிலையைப் பற்றிய பகுதி 1571-ல் வெளிவந்தது. தலைவலி, பல்வலி, வயிற்று உபாதை, மூட்டுவலி, விஷக்கடி என்று இருபதுக்கும் மேற்பட்ட நோய்களுக்கு அது மருந்தாம்!

அந்தப் பட்டியலோடு அவர் இன்னொரு செய்தியையும் எழுதி வைத்தார். புதிய உலகத்தில் வேலை செய்து களைத்துப்போன பூர்வகுடிகளும், அங்கே கொண்டுபோகப்பட்ட கறுப்பின மக்களும் புகையிலைப் புகையை இழுத்துவிட்டுச் சில மணி நேரம் செத்தவர் போலக் கிடப்பார்கள் என்றும், எழும்போது களைப்பு போயிருக்கும் என்றும் குறிப்பிட்டார். அசதிக்கு நிகோட்டின் என்ற எண்ணம் ஐரோப்பியப் புத்தகத்தில் ஏறிய கதை இது. அப்போது அடிமை உழைப்பின் களைப்பு, இப்போது நோயின் களைப்பு. தேடும் பொருள் மட்டும் ஒன்றுதான்.

எல்லோரும் மயங்கிவிடவில்லை. இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸ் 1604-ல் புகையிலையைத் திட்டி ஒரு சிறு நூலே எழுதினார். திட்டியதோடு நிற்காமல், பவுண்டுக்கு 2 பென்ஸாக இருந்த இறக்குமதி வரியோடு கூடுதலாக 6 ஷில்லிங் 8 பென்ஸ் போட்டார். கணக்குப் பார்த்தால், கூடுதல் வரி மட்டும் பழைய வரியைப் போல 40 மடங்கு! ஆனாலும் மக்கள் விடவில்லை. 1665-ல் லண்டனில் கொள்ளைநோய் பரவியபோது, நாட்குறிப்புக்குப் பேர்போன சாமுவேல் பீப்ஸ், சிவப்புச் சிலுவை போட்ட வீடுகளைப் பார்த்துப் பயந்துபோய், முகரவும் மெல்லவும் புகையிலை வாங்கிக்கொண்டு போனதாக எழுதியிருக்கிறார்.

தேம்ஸ் நதிக்கரைத் துருத்தி

இதைவிட விசித்திரமான ஒரு கட்டமும் உண்டு. 1774-ல் லண்டனில் நீரில் மூழ்கியவர்களைப் பிழைக்க வைப்பதற்காக ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. பின்னாளில் ராயல் ஹியூமேன் சொசைட்டி என்று பெயர் பெற்றது. தேம்ஸ் நதிக்கரையோரம் ஆங்காங்கே உதவிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. பெட்டியில் ஒரு துருத்தி இருக்கும். அது எதற்கு? மூழ்கியவரின் ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகையை உள்ளே ஏற்றுவதற்கு! சிரிக்க வேண்டாம். அன்றைய மருத்துவர்கள் இதை மிகுந்த அக்கறையோடுதான் செய்தார்கள். உடம்பைச் சூடாக்கும், குடலைத் தூண்டும், போன உயிர் திரும்பும் என்பது அவர்கள் கணக்கு.

சிலர் பிழைக்கவும் செய்தார்கள். சிக்கலே அங்கேதான். கரையேற்றியவருக்கு ஈரத்துணியை மாற்றினார்கள், உடம்பைத் தேய்த்துச் சூடேற்றினார்கள், வாயில் காற்றை ஊதினார்கள், கூடவே புகையும் ஏற்றினார்கள். கண் விழித்தால் எதனால் விழித்தார்? யாருக்குத் தெரியும்! வரவில் புகையிலையின் பெயரும் எழுதப்பட்டது. செத்துப்போனவர்கள் 'எப்படியும் பிழைத்திருக்க மாட்டார்கள்' என்ற தலைப்பில் போய்விட்டார்கள்.

1811-ல் பெஞ்சமின் பிராடி என்ற ஆங்கில மருத்துவர் விலங்குகளில் சோதித்து, புகையிலைச் சாறு இதயத்தையே நிறுத்திவிடக் கூடியது என்று காட்டினார். அதன் பிறகு துருத்தி வைத்தியம் மெல்ல மறைந்தது. ஏறக்குறைய 40 ஆண்டுகள் நல்ல மனதோடு செய்த ஒரு வைத்தியம், யாரோ ஒருவர் உட்கார்ந்து சோதித்துப் பார்த்த பிறகுதான் கேள்விக்குள்ளானது.

நஞ்சு என்று பெயர் வாங்கியது

1828-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் போசெல்ட், ரைமன் என்ற இருவர் புகையிலையிலிருந்து அதன் சாரத்தைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். எண்ணெய் போன்ற அந்தத் திரவம்தான் நிகோட்டின். அது கொடிய விஷம் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது.

எவ்வளவு கொடியது என்பதை உலகத்துக்குக் காட்டியது ஒரு கொலை வழக்கு. 1850-ல் பெல்ஜியத்தில் பொக்கார்மே என்ற பிரபு, சொத்துக்காகத் தன் மைத்துனரைக் கொன்றார். புகையிலையிலிருந்து தானே நிகோட்டின் வடித்து அதை வாயில் ஊற்றியிருந்தார். தாவர விஷத்தைப் பிணத்தில் கண்டுபிடிக்க முடியாது என்று எல்லோரும் நினைத்த காலம் அது. ழான் செர்வே ஸ்டாஸ் என்ற வேதியியலாளர் மாதக்கணக்கில் பாடுபட்டு, இறந்தவரின் உறுப்புகளிலிருந்து நிகோட்டினைப் பிரித்துக் காட்டினார். 1851-ல் பிரபுவின் தலை கில்லட்டினில் போனது. தடயவியல் வேதியியலின் பெரிய வெற்றிகளில் ஒன்றாக அந்த வழக்கு இன்றும் பேசப்படுகிறது.

ஆக, அரண்மனை மூலிகை முந்நூறு ஆண்டுகளுக்குள் கொலைக் கருவியாகிவிட்டது. இனி இதை யார் மருந்து என்பார்கள்?

பூட்டும் சாவியும்

மருந்து என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஆராய்ச்சியாளர்கள் கையில் அது ஒரு நல்ல கருவியானது. கேம்பிரிட்ஜில் ஜான் நியூபோர்ட் லாங்லி என்ற உடலியல் அறிஞர் 1889-ல் டிக்கின்சன் என்பவரோடு சேர்ந்து, நரம்பு முடிச்சுகளில் நிகோட்டினைத் தூரிகையால் தடவிப் பார்த்தார். அந்த முடிச்சைத் தாண்டி நரம்புச் செய்தி போவது நின்றது. எந்த நரம்பு எங்கே முடிச்சுப் போட்டிருக்கிறது என்று வரைபடம் போடவே இது உதவியது.

1905-ல் அவர் இன்னொரு படி மேலே போனார். நரம்பை வெட்டி அது முழுக்கச் செயலிழந்த பிறகும், நிகோட்டின் பட்டால் தசை சுருங்கியது. அப்படியானால் தசையிலேயே நிகோட்டினை ஏற்றுக்கொள்ளும் ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும் அல்லவா? அந்த ஊகத்திலிருந்து வளர்ந்ததுதான் 'ஏற்பி' என்ற கருத்து. மருந்து ஒரு சாவி என்றால் ஏற்பி ஒரு பூட்டு. இன்றைய மருந்தியல் கட்டடமே இந்த அஸ்திவாரத்தின் மேல் நிற்கிறது என்றால் மிகையாகாது.

அந்தப் பூட்டு நிகோட்டினுக்காகச் செய்யப்பட்டதில்லை. உடம்பு தானே தயாரிக்கும் அசிட்டைல்கோலின் என்ற பொருள்தான் அதன் சொந்தச் சாவி. தசை அசைவதற்கும், கவனம் குவிவதற்கும், இதயமும் குடலும் ஒழுங்காக இயங்குவதற்கும் அது வேண்டும். நிகோட்டின் அதே பூட்டில் நுழையும் கள்ளச்சாவி. 1970-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ழான்-பியர் ஷாஞ்சோவும் அவரது குழுவினரும் மின்சார விலாங்கு மீனின் உறுப்பிலிருந்து இந்த ஏற்பியைப் பிரித்தெடுத்தார்கள். ஷாஞ்சோவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து அவர் மறுபடி வருகிறார்.

சூயிங்கமும் பிளாஸ்திரியும்

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சிகரெட்டால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்பது உறுதியானது. சிகரெட்டை விட முடியாமல் தவிப்பவர்களுக்கு என்ன செய்வது? ஸ்வீடனின் லண்ட் நகரத்து ஆராய்ச்சியாளர் கிளாஸ் லண்ட்கிரென் ஒன்றைக் கவனித்திருந்தார். நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத மாலுமிகள் வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறிக்கொண்டார்கள். அவர்களுக்கு வேண்டியது புகை இல்லை, நிகோட்டின்தான் என்று புரிந்தது. 1967-ல் அவர் இதைத் தன் நண்பர் ஓவ் ஃபெர்னோவுக்கு எழுதினார். ஃபெர்னோ ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை செய்தவர், தானும் புகைப்பவர். பல ஆண்டு முயற்சிக்குப் பின் நிகோட்டின் சூயிங்கம் பிறந்தது. 1978-ல் ஸ்விட்சர்லாந்தும் 1984-ல் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன.

பிளாஸ்திரியின் கதை வயலில் தொடங்குகிறது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஈரமான புகையிலை இலையைப் பறிக்கும் கூலித் தொழிலாளர்களுக்கு வாந்தி, தலைசுற்றல், தளர்ச்சி எல்லாம் வரும். 1970-ல் இது மருத்துவ இதழில் பதிவானது. இலையிலுள்ள நிகோட்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் போய்விடுகிறது! கலிபோர்னியாவில் முர்ரே ஜார்விக், ஜெட் ரோஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பார்த்து யோசித்தார்கள். தோல் வழியாக விஷம் போகிறது என்றால் மருந்தும் போகுமே? அடுத்தவர்கள் மேல் சோதிக்க அனுமதி கிடைக்கவில்லை. எனவே தங்கள் தோலிலேயே வைத்துப் பார்த்தார்கள். இதயத் துடிப்பு கூடியது. 1984-ல் ஜெட் ரோஸின் சகோதரர் டேனியலும் சேர்ந்து முதல் ஆய்வுக்கட்டுரை வந்தது. நியூ மெக்சிகோவில் ஃபிராங்க் எட்ஸ்கார்ன் என்பவர் தற்செயலாகக் கையில் நிகோட்டினைக் கொட்டிக்கொண்டு இதே முடிவுக்குத் தனியாக வந்து, 1986-ல் காப்புரிமை வாங்கினார். 1991 இறுதியில் அமெரிக்காவில் பிளாஸ்திரிக்கு அனுமதி கிடைத்தது. 1996 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம் என்றானது.

சிகரெட்டில் நிகோட்டின் சில விநாடிகளில் மூளையைத் தாக்கும். பிளாஸ்திரியில் அது மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக இறங்கும். வழக்கமாக ஒரு நாளைக்கு 21, 14, 7 மில்லிகிராம் என்ற மூன்று அளவுகளில் வரும். படிப்படியாகக் குறைத்துக்கொண்டு போவதற்காக அப்படி. வேகம் குறைந்ததால் அடிமையாக்கும் குணமும் குறைந்தது. நானூறு ஆண்டுகளில் முதன்முறையாகப் புகை, தார், புற்றுநோய் எதுவும் இல்லாமல் நிகோட்டினை மட்டும் அளந்து கொடுக்க முடிந்தது.

யாரும் நம்பாத அசதி

மருந்தின் கதையை இங்கே நிறுத்திவிட்டு நோயின் கதையைப் பார்க்க வேண்டும்.

1955-ஆம் ஆண்டு லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஒரு மர்ம நோய் பரவியது. காய்ச்சல், தசைவலி, தலைசுற்றல், தாங்க முடியாத தளர்ச்சி. வேடிக்கை என்னவென்றால் படுக்கையில் இருந்த நோயாளிகளை அது அவ்வளவாகத் தொடவில்லை. மருத்துவர்களையும் செவிலியர்களையும் ஊழியர்களையும்தான் வாரிச் சுருட்டியது. 292 ஊழியர்கள் பாதிக்கப்பட்டார்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை மருத்துவமனையையே மூட வேண்டியதாயிற்று. சிலர் வருடக்கணக்கில் தேறவில்லை. அங்கே பணியாற்றிய மெல்வின் ராம்சே என்ற மருத்துவர் தன் வாழ்நாள் முழுவதும் இந்த நோயைப் பற்றியே எழுதினார்.

ஆனால் 1970-ல் மெக்கெவெடி, பியர்ட் என்ற இரு மனநல மருத்துவர்கள் பழைய மருத்துவக் குறிப்புகளைப் படித்துவிட்டு, நோயாளிகளை நேரில் பரிசோதிக்காமலே ஒரு தீர்ப்பு எழுதினார்கள். இது கூட்டு ஹிஸ்டீரியாவாம்! பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று. அந்த முத்திரை பல பத்தாண்டுகளுக்கு ஒட்டிக்கொண்டது. 1984 வாக்கில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இன்க்ளைன் வில்லேஜ் என்ற ஊரில் இதே போன்ற நோய் பரவியது. 1988-ல் இதற்கு 'நாட்பட்ட சோர்வு நோய்' என்ற பொருளில் ஒரு பெயர் சூட்டினார்கள். பெயரே வினையானது. 'சோர்வுதானே? எங்களுக்கும்தான் சாயங்காலம் ஆனால் சோர்வாக இருக்கிறது' என்று கேட்பவர்களுக்கு வசதியாகிவிட்டது.

உண்மையில் இந்தச் சோர்வு தூங்கி எழுந்தால் போகும் சோர்வில்லை. தூங்கி எழுந்தாலும் தூங்காதது போலவே இருக்கும். எழுந்து நின்றால் தலை சுற்றும். படித்த வரி மனதில் நிற்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, கொஞ்சம் அதிகமாக நடந்தாலோ பேசினாலோ மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடம்பு மொத்தமாக விழுந்துவிடும். குளித்ததற்கு இரண்டு நாள் படுக்கை என்று தண்டனை கட்டுபவர்கள் உண்டு. 2015-ல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, இது உடம்பைத் தாக்கும் கடுமையான நோய் என்று தெளிவாகச் சொன்னது. அமெரிக்காவில் மட்டும் 8,36,000 முதல் 25 லட்சம் பேருக்கு இருக்கலாம் என்றும், அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் கண்டறியப்படவே இல்லை என்றும் மதிப்பிட்டது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டினால் சரியாகும் என்று பிரிட்டனில் பல ஆண்டுகள் சொல்லிவந்த வழிகாட்டுதலும் 2021-ல் கைவிடப்பட்டது.

இந்த நோயைக் குணமாக்கும் என்று உறுதியான மருந்து ஒன்றுகூட இல்லை. கிணற்றில் விழுந்தவன் எந்தக் கயிற்றையும் பிடிப்பான். தவறு பிடிப்பவன் மேலா, நல்ல கயிறு போடாதவர்கள் மேலா?

மறுபடி வந்த ஷாஞ்சோ

2020 ஏப்ரல். கொரோனா உலகத்தையே முடக்கியிருந்த நேரம். பாரிஸின் பித்தியே-சல்பெத்ரியேர் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளில் புகைப்பவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தார்கள். ஷாஞ்சோவும் அந்த மருத்துவமனை மருத்துவர்களும் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். வைரஸ் ஒருவேளை நிகோட்டின் ஏற்பியோடு உறவாடுகிறதோ? நிகோட்டின் அதைத் தடுக்குமோ? செய்தி வந்ததுதான் தாமதம், பிரெஞ்சு அரசு பிளாஸ்திரி விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டது. ஒருவருக்கு ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவுக்கு மேல் தரக்கூடாது, இணையத்தில் விற்கக்கூடாது என்று உத்தரவு. இல்லாவிட்டால் கடைகள் காலியாகியிருக்கும்.

பிறகு முறையான சோதனை நடந்தது. செயற்கைச் சுவாசத்தில் இருந்த கொரோனா நோயாளிகளுக்குப் பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்த பிரெஞ்சு ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. இறப்பு குறையவில்லை.

ஆனால் கதை முடியவில்லை. கொரோனா போன பிறகும் மாதக்கணக்கில் அசதியோடு கிடந்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். 'நீண்ட கோவிட்' என்ற அந்த நிலையின் அறிகுறிகள் நாட்பட்ட சோர்வு நோயோடு அப்படியே பொருந்தின. 2023 ஜனவரியில் ஜெர்மனியைச் சேர்ந்த மார்கோ லைட்ஸ்கே என்ற மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். வைரஸின் புரதம் ஏற்பிப் பூட்டுகளில் சிக்கிக்கொண்டு சொந்தச் சாவியான அசிட்டைல்கோலினை உள்ளே விடாமல் தடுக்கிறது, நிகோட்டின் அதைத் தள்ளிவிட்டுப் பூட்டை விடுவிக்கலாம் என்பது அவரது கருதுகோள். நீண்ட கோவிட்டால் அவதிப்பட்டவர்களுக்கு ஒரு நாளைக்கு 7.5 மில்லிகிராம் பிளாஸ்திரி ஒட்டினார். சில நாட்களிலேயே நல்ல முன்னேற்றம் என்று எழுதினார்.

எத்தனை பேருக்கு? நான்கு பேருக்கு.

அந்த நான்கு பேரின் செய்திதான் நீண்ட கோவிட்காரர்களிடமும் பழைய சோர்வு நோயாளிகளிடமும் கை மாறிக் கை மாறிப் பரவியது.

வரவும் செலவும்

நான்கு பேர் தேறியது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர்கள் சொன்னது அவர்கள் உணர்ந்ததுதான். ஆனால் பிளாஸ்திரி ஒட்டாமல் இருந்த இன்னொரு நான்கு பேர் அந்தக் கணக்கில் இல்லை. வரவை மட்டும் எழுதி, செலவுப் பக்கத்தை வெறுமையாக விட்ட பேரேட்டை எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

எதிர்ப்பக்கத்தையும் எழுதியபோது நிகோட்டினுக்கு என்ன நடந்தது என்பதற்குச் சரித்திரத்தில் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

பெருங்குடல் புண் நோய் புகைப்பவர்களிடம் குறைவாக இருப்பதை வேல்ஸின் கார்டிஃப் நகரத்து மருத்துவர்கள் 1982-ல் கவனித்தார்கள். அங்கிருந்து வந்து 1994-ல் வெளியான சோதனையில் 72 நோயாளிகள் சேர்ந்தார்கள். நிகோட்டின் பிளாஸ்திரி ஒட்டிய 35 பேரில் 17 பேருக்கு ஆறு வாரத்தில் அறிகுறிகள் முழுதாக அடங்கின. வெறும் பிளாஸ்திரி ஒட்டிய 37 பேரிலும் 9 பேருக்கு அடங்கின! நிகோட்டின் வென்றது உண்மை. ஆனால் நிகோட்டினே இல்லாமல் ஒன்பது பேர் தேறினார்கள் என்பதும் உண்மை. வாந்தி உணர்வு, தலைசுற்றல், தூக்கமின்மை போன்ற தொல்லைகளும் நிகோட்டின் பக்கமே அதிகம். நோய் திரும்பாமல் காக்குமா என்று பார்த்த அடுத்த ஆண்டுச் சோதனையில் அது தோற்றது.

2012-ல் அமெரிக்காவில் லேசான ஞாபகமறதி உள்ள, புகைக்காத 74 பேரிடம் ஆறு மாதம் பார்த்தார்கள். கவனம் கூடியது, ஆனால் மொத்த நிலைமையில் தெளிவான மாற்றம் தெரியவில்லை. பார்கின்சன் நோய் புகைப்பவர்களுக்குக் குறைவாக வருகிறது என்ற பழைய கவனிப்பை நம்பி ஓராண்டு பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளியானது. நோயின் வேகம் குறையவில்லை.

சோர்வு நோய்க்கே ஒரு கசப்பான பாடம் உண்டு. நார்வேயில் ஃப்ளூகே, மெல்லா என்ற இரு புற்றுநோய் மருத்துவர்கள் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தை 30 பேரிடம் சோதித்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்ற 15 பேரில் 10 பேர் தேறினார்கள். வெற்று ஊசி பெற்ற 15 பேரில் 2 பேர்தான். உலகமெங்கும் நோயாளிகள் கொண்டாடினார்கள். அதே மருத்துவர்கள் 151 பேரிடம் மறுபடி சோதித்து 2019-ல் முடிவு சொன்னார்கள். மருந்து பெற்றவர்களில் தேறியவர்கள் 26 சதவீதம், வெற்று ஊசி பெற்றவர்களில் 35 சதவீதம்! தங்கள் கண்டுபிடிப்பைத் தாங்களே தோற்கடித்து அதை மறைக்காமல் வெளியிட்ட அந்த இருவரும் பாராட்டுக்குரியவர்கள்.

பிளாஸ்திரியில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. நிகோட்டின் ஒரு ஊக்கி. ஊக்கி கொடுக்கும் தெம்பு கடன் வாங்கிய பணம் மாதிரி. இந்த நோயிலோ தெம்பு வந்ததென்று ஓடியாடினால் இரண்டு நாள் கழித்து வட்டியும் முதலுமாகக் கட்ட வேண்டியிருக்கும். இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. பழக்கமில்லாத உடம்பில் குமட்டலும் படபடப்பும் சாதாரணம். சிலர் அளவைக் குறைக்கப் பிளாஸ்திரியைக் கத்தரியால் வெட்டுகிறார்கள். மருந்தைப் பைபோல் அடைத்துச் செய்த வகையை வெட்டினால் மொத்தமும் கசிந்துவிடும். மருத்துவரிடம் சொல்லாமல் ஒட்டிக்கொள்ளும் விஷயம் இல்லை இது.

அப்படியானால் பெரிய சோதனை ஒன்று நடத்திப் பார்த்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் வணிகம் குறுக்கே நிற்கிறது. நிகோட்டின் 1828-லேயே பிரித்தெடுக்கப்பட்ட பொருள். அந்தப் பொருளுக்கு இனி யாரும் காப்புரிமை கேட்க முடியாது. ஒரு கம்பெனி கோடிக்கணக்கில் செலவழித்து 'வேலை செய்கிறது' என்று நிரூபித்தால், பக்கத்துக் கம்பெனியும் அதே பிளாஸ்திரியை விற்று லாபம் பார்க்கும். 'வேலை செய்யவில்லை' என்று தெரிந்தாலோ போட்ட பணம் போச்சு. லாபக் கணக்கில் வராத கேள்விக்கு அரசும் பல்கலைக்கழகமும்தான் பணம் போட வேண்டும். பாதி நூற்றாண்டு 'எல்லாம் மனப்பிரமை' என்று சொல்லப்பட்ட ஒரு நோய்க்கு அந்தப் பணம் சொற்பமாகவே வந்தது. அதனால்தான் நோயாளி தன் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கிக்கொள்கிறார்.

ஜார்விக்கும் ரோஸும் தங்கள் தோலில்தான் முதலில் சோதித்தார்கள். ஆனால் அதோடு அவர்கள் நிற்கவில்லை. எழுதினார்கள், மற்றவர்கள் திருப்பிச் செய்து பார்த்தார்கள், ஆயிரக்கணக்கானவர்களிடம் ஒப்பிட்ட பிறகே பிளாஸ்திரி கடைக்கு வந்தது. இன்று தனியறையில் படுத்துக்கொண்டு பிளாஸ்திரி ஒட்டிக்கொள்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் தேறினால் ஒரு கதை. தேறாவிட்டால் அதுகூட இல்லை, தேம்ஸ் நதிக்கரையில் கண் விழிக்காமல் போனவர்களைப் போல.

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்ற பழமொழியில் எல்லோரும் அமிர்தத்தையும் நஞ்சையும்தான் கவனிக்கிறார்கள். முதல் சொல் 'அளவு'. மருந்தை மில்லிகிராமில் அளக்க மனிதன் கற்றுக்கொண்டுவிட்டான். அதன் பலனையும் அதே அக்கறையோடு அளக்கும் நாள் வரும்வரை, அசதியோடு கிடப்பவர் கையிலுள்ள அந்தச் சின்னப் பிளாஸ்திரி அமிர்தமா நஞ்சா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அளந்து சொல்ல வேண்டிய கடமை அவருடையது அல்ல.